ஆடுகளத்துக் கடையில் எதை முன்னால் வைப்பது?

மதுரையில் ஓர் உள்ளரங்க ஷட்டில் கோர்ட்டில் மாலைப் பயிற்சியைப் பார்த்துக்கொள்கிறேன். பள்ளியில் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். கோர்ட் வாசலை ஒட்டி ஒரு சின்னக் கடை உண்டு. உங்கள் ஊர் டர்ஃபிலோ நீச்சல் குளத்திலோ இப்படி ஒரு கடை இருந்து, சிப்ஸும் கலரும் மட்டுமே விற்கிறது என்றால், அதை மாற்ற முடியும்.

பிள்ளைகளுக்குப் புத்திமதி சொல்வதை முதலில் விட்டுவிடுங்கள். ஓடியாடிக் களைத்து வருகிற பிள்ளை கண்ணில் படுவதை, கையில் உள்ள காசுக்குக் கிடைப்பதை வாங்கும். அந்த இரண்டையும்தான் நாம் மாற்ற வேண்டும்.

தண்ணீரில் தொடங்குங்கள். நல்ல குடிதண்ணீர் இல்லாத இடத்தில் பிள்ளைகள் பாட்டிலைத்தான் தேடுவார்கள். கோர்ட்டுக்குள்ளேயே, அவர்களுக்குக் கை எட்டும் உயரத்தில், குழாய் வைத்த மண்பானை இரண்டு வையுங்கள். தினமும் கழுவி நிரப்ப ஒரு ஆளைச் சொல்லிவிடுங்கள். ஒரு மணி நேர ஆட்டத்துக்குத் தண்ணீரே போதும். ஸ்போர்ட்ஸ் டிரிங்க் வாங்கித் தரட்டுமா என்று பெற்றோர் கேட்டால் லேபிளைத் திருப்பிக் காட்டுங்கள். 100 மில்லிக்கு 6 கிராம் சர்க்கரை என்று போட்டிருந்தால், அரை லிட்டரில் 30 கிராம். ஏழு டீஸ்பூனுக்கு மேல் வரும். கூடுதலாகச் சேரும் சர்க்கரை பெரியவர்களுக்கே ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அடுத்தது ஃபிரிட்ஜ். பெரும்பாலான கடைகளில் அது குளிர்பானக் கம்பெனி கொடுத்ததாக இருக்கும். தங்கள் சரக்கைத் தவிர வேறெதுவும் வைக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டிருப்பார்கள். கடைக்காரரோடு அதற்காகச் சண்டை வேண்டாம். அதே கம்பெனி தண்ணீர் பாட்டிலும் விற்கும். கண்மட்டத் தட்டு முழுக்கத் தண்ணீர், கலர் எல்லாம் அடித்தட்டில் என்று மாற்றி அடுக்கச் சொல்லுங்கள். நீர்மோருக்கு ஃபிரிட்ஜே வேண்டாம். இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் போட்டு மூடிய பானையில் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தால் போதும்.

இனி சுண்டல். புரதம் உண்டு, பசி அடங்கும், ஊர்ப் பிள்ளைகளுக்குப் பழகிய ருசி. ஆனால் கடைக்காரர் தயங்குவார். அவர் பயமும் நியாயம்தான். சிப்ஸ் பாக்கெட் விற்காவிட்டால் நாளைக்கும் இருக்கும். சுண்டல் மதுரை வெயிலுக்கு ராத்திரிக்குள் ஊசிப்போகும். நஷ்டம் அவர் தலையில் விழாமல் பார்த்துக்கொண்டால்தான் இது நிலைக்கும். அதற்கு டோக்கன் முறைதான் நல்ல வழி. பயிற்சிக் கட்டணம் வாங்கும்போதே விருப்பமுள்ளவர்களிடம் மாதச் சுண்டலுக்கும் பணம் வாங்கிவிடுங்கள். தினமும் எத்தனை கப் என்று தெரிந்துவிட்டால் அவர் அளவாக ஊறப்போடுவார். தேங்காய்த் துருவலை மொத்தமாகக் கலக்காமல், கொடுக்கும்போது மேலே தூவினால் சீக்கிரம் கெடாது. ஒரே கொண்டைக்கடலையைத் தினமும் போட்டால் பிள்ளைகளுக்குச் சலித்துவிடும். பச்சைப்பயறு, தட்டைப்பயறு, அவித்த வேர்க்கடலை என்று மாற்றுங்கள். தை மாதம் பனங்கிழங்கு, கோடையில் வெள்ளரிப்பிஞ்சு.

விலை முக்கியம். பிள்ளை கையில் பத்து ரூபாய்த் தாள் இருக்கும், சிப்ஸும் பத்து ரூபாய்தான். சுண்டல் பதினைந்து என்றால் அங்கேயே தோற்றுவிடுவோம். கப்பைச் சின்னதாக்கியாவது பத்து ரூபாய்க்குக் கொடுங்கள். செய்தித்தாளில் மட்டும் மடித்துத் தர வேண்டாம், அச்சு மை சாப்பாட்டில் ஒட்டும். உணவுப் பாதுகாப்பு விதியும் அதைத் தடை செய்திருக்கிறது.

வாழைப்பழத் தாரைக் கடை வாசலிலேயே தொங்கவிடுங்கள். பள்ளி விட்டு நேராகப் பசியோடு வருகிற பிள்ளைக்கு ஆட்டத்துக்கு அரை மணி முன்னால் ஒரு பழம் போதும். சிறுமலைப் பழம் கிடைத்தால் விசேஷம்.

கடையில் அதிகம் வாங்குவது காத்திருக்கிற பெற்றோர்தான் என்பதையும் கவனியுங்கள். அப்பா பஜ்ஜி தின்றுகொண்டிருக்கும்போது மகன் சுண்டல் கேட்பானா? அதனால் டோக்கனைப் பெற்றோருக்கும் கொடுங்கள். அப்புறம், கோச்சும் பிள்ளைகள் முன்னால் மோரே குடிக்கட்டும். ஜெயித்தவனுக்குச் சாக்லேட் கொடுக்கும் வழக்கத்தையும் நிறுத்துங்கள். மட்டையின் கைப்பிடியில் சுற்றுகிற ஒரு கிரிப் டேப்பும் அதே சந்தோஷத்தைத் தரும்.

பயிற்சி பள்ளி மைதானத்தில் நடக்கிறதா? உங்கள் கை இன்னும் வலுவாகிறது. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்று 2020-ல் மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி கொண்டுவந்திருக்கிறது. கேன்டீன் ஒப்பந்தத்திலேயே இதை எழுதி வாங்கிவிடச் சொல்லித் தலைமையாசிரியரிடம் பேசுங்கள்.

போட்டி நாள் மட்டும் தனிக் கணக்கு. காலை முதல் சாயங்காலம் வரை பிள்ளைகள் அங்கேயே இருப்பார்கள். வெறும் சுண்டல் தாங்காது. இட்லி, எலுமிச்சை சாதம், அவித்த முட்டை வேண்டும் என்று கடைக்காரரிடம் ஒரு வாரம் முன்பே சொல்லி, எத்தனை பேர் என்ற கணக்கையும் கொடுத்துவிடுங்கள். பெயர் பதியும் படிவத்திலேயே சாப்பாடு வேண்டுமா என்று ஒரு கட்டம் சேர்த்தால் அந்தக் கணக்கு தானாக வந்துவிடும்.