சுகர் கிளைடர் ஜோடிக்குக் கூண்டு: பகலில் பார்த்து ஏமாறும் இடங்கள்

மரத்துக்கு மரம் மிதந்து தாவும், இரவில் விழித்திருக்கும் குட்டி விலங்கு சுகர் கிளைடர். கடையில் நாம் அதைப் பார்ப்பது எப்போதும் பகலில்தான். துணிப்பை ஒன்றுக்குள் இரண்டும் சுருண்டு ஒரே உருண்டையாகத் தூங்கிக்கொண்டிருக்கும். கடைக்காரர் பையின் வாயை விரித்துக் காட்டுவார். உள்ளங்கையில் அடங்கும் உடம்பு, நூறு நூற்றைம்பது கிராம் எடை. "இது இருக்கிற சைஸுக்கு இந்தக் கூண்டே அரண்மனை சார்" என்று லவ் பேர்ட்ஸ் கூண்டு ஒன்றை எடுத்து நீட்டுவார். கணக்கு சரியாகத்தான் தெரியும். நானும் தலையாட்டிவிட்டு வாங்கி வந்தேன்.

முதல் இரவு, மணி இரண்டு இருக்கும். ஹாலில் 'டங், டங்' என்று சத்தம். போன் வெளிச்சத்தில் போய்ப் பார்த்தால், ஆண் கிளைடர் இந்தப் பக்கக் கம்பியிலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு, அங்கிருந்து கூரைக்கு, கூரையிலிருந்து மறுபடி இந்தப் பக்கத்துக்கு என்று நிறுத்தாமல் சுற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அதே கம்பி, அதே இடம். பெண்ணைக் காணோம். கதவோ பூட்டியபடி இருக்கிறது. அரை மணி நேரம் சோபாவுக்கு அடியிலும் செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னாலும் தேடினேன். கீழே தேடியதே முட்டாள்தனம். அது திரைச்சீலைக் கம்பியின் உச்சியில், கூரையை ஒட்டி உட்கார்ந்து என்னை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

கூண்டு வாங்கும்போது நாம் செய்யும் தவறுகளில் பாதி இந்த ஒரு குழப்பத்திலிருந்துதான் வருகிறது. தூங்குகிற விலங்கை அளந்து, அது தூங்குவதற்கு மட்டும் இடம் வாங்குகிறோம். அது விழித்திருக்கும் நேரத்தில் நாம் குறட்டை விடுகிறோம்.

உயரத்தை விட்டுவிட்டு அகலத்தைப் பார்ப்பது

சுகர் கிளைடர் அணில் இல்லை, எலியும் இல்லை. கங்காருவைப் போல வயிற்றுப் பையில் குட்டி வளர்க்கும் இனம். சொந்த ஊர் ஆஸ்திரேலியாவும் நியூ கினியாவும். மணிக்கட்டிலிருந்து கணுக்கால் வரை போகும் தோல்சவ்வை விரித்து மரத்துக்கு மரம் 50 மீட்டர்கூட மிதந்து போகும். மரப்பொந்தில் கூட்டமாகத் தூங்கும். தரைக்கு இறங்குவது அபூர்வம். அப்படிப்பட்ட ஒன்றுக்கு நாம் முயல் கூண்டு போல நீளமும் தட்டையுமான ஒன்றை வாங்கி வைத்தால், தரையைத்தான் அதிகமாகக் கொடுக்கிறோம். அதற்கு வேண்டாதது அதுதான்.

ஒரு ஜோடிக்குக் குறைந்தபட்ச அளவாகப் பொதுவாகச் சொல்லப்படுவது 24 அங்குல நீளம், 24 அங்குல அகலம், 36 அங்குல உயரம். நம் கணக்கில் இரண்டுக்கு இரண்டு, உயரம் மூன்றடி. இது இருக்கத் தகுந்த குறைந்த அளவு, அவ்வளவுதான். இடமும் பணமும் இருந்தால் நாலடி, ஐந்தடி உயரம் போகலாம். அதிகமாகிவிட்டது என்று எந்த கிளைடரும் குறை சொல்லப்போவதில்லை.

இதில் இன்னொரு சறுக்கல் உண்டு. மூன்றடி உயரக் கூண்டை வாங்கி, உள்ளே அடுக்கு அடுக்காகத் தட்டு போட்டு அதை மூன்று ஓரடிக் கூண்டுகளாக மாற்றிவிடுவது. வெள்ளெலிக்குச் செய்த மாடிக் கூண்டுகள் இப்படித்தான் இருக்கும். தாவுவதற்கு நடுவில் வெற்றிடம் வேண்டும். கிளை, கயிறு, தட்டு எல்லாம் ஓரங்களில் இருக்கட்டும்.

உருண்டையாக, உச்சியில் குவிந்து கோபுரம் மாதிரி இருக்கும் பறவைக் கூண்டு பார்க்க அழகாக இருக்கும். மேலே போகப்போகக் கம்பிகள் நெருங்கி ஒரு புள்ளியில் சேரும். இந்த விலங்கு போய் உட்காரும் இடமும் அந்த உச்சிதான். குவியும் கம்பிகளுக்கிடையில் காலோ வாலோ சிக்கினால் இழுத்து எடுக்கப் பார்த்துக் காயமாக்கிக்கொள்ளும். நேராக நிற்கும் கம்பிகளைப் பற்றி ஏறுவதும் அதற்குச் சிரமம், வழுக்கும். குறுக்குக் கம்பிகள் அல்லது கட்டம் போட்ட வலை இருந்தால் ஏணி போல ஏறிவிடும்.

பென்சில் செல் சோதனை

என் பெண் கிளைடர் எப்படித் தப்பியது? கம்பி இடைவெளி வழியாகத்தான். தலை நுழைந்துவிட்டால் உடம்பு தானாகப் பின்னால் வந்துவிடும். இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கடையில் ஸ்கேல் வைத்து அளந்துகொண்டிருக்க யாருக்கும் கூச்சமாக இருக்கும். அதனால் நான் ஒரு வேலை செய்கிறேன்: சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் பென்சில் செல் ஒன்றைச் சட்டைப்பையில் எடுத்துப் போகிறேன். அதன் தடிமன் ஏறக்குறைய 14 மில்லிமீட்டர். அரை அங்குலத்தைவிடக் கொஞ்சம் அதிகம். செல் கம்பிகளுக்கு நடுவே நுழைந்து உள்ளே விழுந்தால் அந்தக் கூண்டை விட்டுவிட வேண்டியதுதான்.

சுற்றுக் கம்பியை மட்டும் பார்த்தால் போதாது. கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில், மூலைகள் சேரும் இடத்தில், கீழே தட்டு செருகும் பிளவில், எல்லா இடத்திலும் செல்லை வைத்துப் பாருங்கள். தட்டை வெளியே இழுக்கும்போது அதற்கு மேலே ஒரு வலைத்தளம் இல்லாவிட்டால், சுத்தம் செய்கிற ஒவ்வொரு நாளும் நீங்களே வாசலைத் திறந்து வைக்கிறீர்கள்.

ஆணும் பெண்ணுமாக வாங்கியிருந்தால் இன்னும் கறாராக இருங்கள். கர்ப்பம் வெறும் 16 நாள்தான். அரிசி மணி அளவில் பிறக்கும் குட்டி தாயின் பைக்குள் ஏறி இரண்டு மாதத்துக்கு மேல் அங்கேயே வளரும். ஒரு நாள் பையிலிருந்து வெளியே வரும்போதுதான், கூண்டில் இருப்பது இரண்டு இல்லை, மூன்றோ நாலோ என்று தெரியும். பெரியவற்றுக்குச் சரியாக இருந்த இடைவெளி குட்டிக்குத் தெருவாகிவிடும். ஆணுக்குக் கருத்தடை செய்வது பற்றி இந்த வகை விலங்குகளைப் பார்க்கும் மருத்துவரிடம் முன்னமே பேசிவிடுவது நல்லது.

ஜி.ஐ. வலை மலிவு, ஆனால்

நல்ல அளவில் கூண்டு கிடைக்கவில்லை என்று பலர் வெல்டிங் பட்டறைக்குப் போகிறார்கள். நானும் போனேன். "அரை இஞ்ச் வலையா? எலிப்பொறியா சார் செய்யப்போறீங்க?" என்று சிரித்தார் பட்டறை அண்ணன். அளவெல்லாம் சரியாகச் செய்துவிடுவார்கள். சிக்கல் பொருளில் இருக்கிறது. பட்டறையில் முதலில் எடுத்துப் போடுவது ஜி.ஐ. வலை, அதாவது துத்தநாகம் பூசிய கம்பி. கிளைடர்கள் தங்கள் எல்லையைக் காட்ட எதன் மேல் வேண்டுமானாலும் சிறுநீர் விடும், எல்லாவற்றையும் நக்கும். சிறுநீர் பட்டுப் பட்டுப் பூச்சு அரிக்கும், துரு ஏறும். துத்தநாகம் வயிற்றுக்குள் போவது எந்தச் சின்ன விலங்குக்கும் நல்லதில்லை. அறுகோணக் கட்டம் போட்ட கோழி வலை இதைவிட மோசம். வெட்டிய முனைகள் ஊசியாக நிற்கும், இழுத்தால் வளையும்.

கூண்டைச் செய்து முடித்ததும் பவுடர் கோட்டிங், அதாவது பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கி ஒட்டவைக்கும் பூச்சு, கொடுத்து வாங்குங்கள். சென்னையில் அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் இதற்கென்றே பட்டறைகள் இருக்கின்றன. கிரில்லுக்கு அடிக்கிற எனாமல் பெயிண்டை அடித்துக் காரியத்தை முடிக்கப் பார்ப்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். மரப்பட்டையைக் கீறிப் பிசின் எடுக்கவென்றே அமைந்த முன்பற்கள் அவற்றுக்கு. பெயிண்டை உரித்துவிடும். பி.வி.சி. பூசிய வலையும் நல்லதே, பூச்சு பிய்ந்த இடம் இருக்கிறதா என்று மட்டும் அவ்வப்போது பாருங்கள்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தை மாதிரியான இடங்களில் பழைய கூண்டு மலிவாகக் கிடைக்கும். அடித்தட்டைத் தூக்கிப் பாருங்கள், கூண்டின் வயது அங்கேதான் தெரியும். மரச்சட்டக் கூண்டு சிறுநீரைக் குடித்து நாறும், கழுவித் தீராது. கண்ணாடி மீன்தொட்டியில் காற்றோட்டமும் இல்லை, பற்றி ஏற ஒரு கம்பியும் இல்லை.

கதவைப் பற்றி இரண்டு சொல்கிறேன். மேலே தூக்கும் கதவைக் கிளைடர் மூக்காலும் கையாலும் தூக்கப் பழகிவிடும். ஒவ்வொரு கதவுக்கும், தீவனக் கிண்ணம் வைக்கும் சின்னக் கதவுக்கும் சேர்த்து, ஒரு கொக்கி போடுங்கள். சாவிக்கொத்தில் மாட்டும் ஸ்பிரிங் கொக்கி போதும். அப்புறம், பெரிய கதவு ஒன்றாவது இருக்க வேண்டும். என் முதல் கூண்டில் முழங்கைக்கு மேல் கை நுழையாது. பின்மூலையில் ஒட்டிய பப்பாளியைச் சுரண்ட இட்லிக்கரண்டியில் குச்சி கட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

கூண்டோடு இலவசமாக வரும் ஆபத்து

கூண்டு வாங்கினால் கடையில் ஒரு சக்கரமும் ஒரு துணிப்பையும் சும்மா கொடுப்பார்கள். பெரும்பாலும் இரண்டுமே ஆகாது.

நடுவில் அச்சுக்கம்பி குறுக்கே போகும் வெள்ளெலிச் சக்கரத்தில் கிளைடர் ஓடினால், வால் அந்தக் கம்பியில் சுற்றிக்கொள்ளும். உள்ளே தாவும்போது முதுகு அடிபடும். நடுவில் கம்பியே இல்லாத, ஓடும் தளத்தில் ஓட்டை ஓட்டையாக இல்லாத, முதுகு வளையாமல் ஓடுகிற அளவுக்கு, சுமார் 11 அங்குல விட்டமுள்ள சக்கரம்தான் சரி. அது கிடைக்கும்வரை சக்கரமே இல்லாமல் இருப்பது மேல்.

துணிப்பைக் கதை எனக்கு வலித்த கதை. அழகாக இருக்கிறது என்று பருத்தித் துணியில் தைத்த பை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தேன். உள்பக்கத் தையல் மூடாமல், ஓவர்லாக் நூல் தெரியும்படி இருந்தது. ஒரு நாள் காலை பெண் கிளைடர் 'கிர்ர்ர்' என்று மாவு மெஷின் ஓட ஆரம்பிக்கிற மாதிரி கத்தியது. அது பயத்தில் போடும் சத்தம். பையைத் திருப்பிப் பார்த்தால் பின்னங்கால் விரலில் ஒரு நூல் நாலு சுற்றுச் சுற்றி, விரல் கத்தரிப்பூ நிறத்தில் வீங்கியிருந்தது. அம்மா துண்டில் சுற்றிப் பிடித்துக்கொள்ள, நகவெட்டியின் முனையால் ஒவ்வொரு இழையாக அறுத்தேன். விரல் தப்பியது. அதன் நகங்கள் கொக்கி மாதிரி, எந்த நூலிலும் மாட்டும். அதனால் இழை பிரியாத ஃபிளீஸ் துணியில், தையல் முழுக்க உள்ளே மறையும்படி தைத்த பைதான் வேண்டும். டர்க்கி டவல் துணி கூடவே கூடாது, அந்த வளையம் ஒவ்வொன்றும் ஒரு சுருக்கு.

கிளை வைக்க ஆசைப்பட்டால் மருந்து அடிக்காத கொய்யாக் கிளையோ யூகலிப்டஸ் கிளையோ கழுவிக் காயவைத்துக் கட்டுங்கள். அடித்தட்டில் வாசனையடிக்கும் மரத்தூள் போட வேண்டாம், பழைய செய்தித்தாள் போதும்.

எங்கே வைப்பது

கூண்டு சரியாக அமைந்தும் இடத்தில் கோட்டை விடுகிறவர்கள் நிறைய. 24 முதல் 27 டிகிரி வரை அவற்றுக்குச் சௌகரியம். சென்னை மே மாத பால்கனி அவற்றுக்கு அடுப்பு. வெயிலுக்குப் பயந்து ஏ.சி. காற்று நேராக அடிக்கிற இடத்தில் வைத்தால் எதிர்ப்பக்கச் சிக்கல். குளிர் அதிகமானால் உடம்பு விறைத்து, அரை மயக்கத்துக்குப் போய்விடும். செத்துவிட்டது என்று நினைத்து அழுதவர்களை எனக்குத் தெரியும். கூண்டுக்குள்ளேயே ஒரு சின்ன வெப்பமானி தொங்கட்டும்.

தரையில் வைக்காதீர்கள். ஸ்டாண்டில் ஏற்றி, தூங்கும் பை நம் நெஞ்சுயரத்துக்காவது வந்தால்தான் அவை பதற்றமில்லாமல் இருக்கும். ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள், பாட்டி வீட்டுச் சாப்பாட்டு அலமாரிக்கு வைத்த மாதிரி. பழமும் தேனும் சேர்ந்த தீவனம் சிந்தும் இடத்துக்கு எறும்பு வராமல் இருக்காது, அதற்காக மருந்தும் அடிக்க முடியாது. படுக்கையறையில் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: நடு இரவில் நாய்க்குட்டி மாதிரி விடாமல் குரைக்கும். உங்கள் தூக்கம், உங்கள் முடிவு.

சிங்கப்பூரில் இருந்து படிக்கிறவர்கள் கூண்டு தேடவே வேண்டாம். அங்கே இவற்றை வீட்டில் வளர்க்க அனுமதி இல்லை.

புதுக் கூண்டு வந்த அன்று எல்லோருக்கும் ஒரு வேகம் வரும். கூண்டைத் துடைத்து, பழைய பையைத் துவைத்து, எல்லாவற்றையும் பளிச்சென்று மாற்றிவிடுவார்கள். அவற்றுக்கு வீடு என்பது வாசனைதான். எல்லாம் ஒரே நாளில் போய்விட்டால் இரவு முழுக்க மூலை மூலையாகச் சிறுநீர் விட்டுத் தன் எல்லையை மறுபடி எழுதத் தொடங்கும். பழைய பையை அழுக்கோடு அப்படியே புதுக் கூண்டின் உச்சியில் மாட்டுங்கள். ஒரு வாரம் கழித்துத் துவைக்கலாம், அன்று கூண்டைக் கழுவாமல்.