கிறிஸ்துமஸ் செய்முறைக் கணக்கு: நோட்டு, கவர், கிறிஸ்மா சீட்டு

கிறிஸ்துமஸ் செலவுக்கும் பரிசுக்கும் பட்ஜெட் போடுகிற வேலையைத் தீபாவளி முடிந்த ஒரு வாரத்துக்குள் தொடங்கிவிடுங்கள். டிசம்பர் பிறந்த பிறகு போடுகிற பட்ஜெட், செலவழித்ததை எழுதி வைக்கிற கணக்காகத்தான் முடியும்.

இது மதுரையில் நாலைந்து குடும்பங்கள் ஒரே வீட்டில் கூடிக் கொண்டாடுகிறவர்களுக்கான முறை. எங்கள் வீட்டில் பெரியவர்கள் பன்னிரண்டு பேர், பிள்ளைகள் எட்டுப் பேர். முன்பு எல்லாரும் எல்லாருக்கும் ஏதாவது வாங்குவார்கள். அதனால் எவர்சில்வர் டப்பாவும் சுவர்க்கடிகாரமும் வீட்டுக்கு வீடு சுற்றி வரும். எங்கள் ஹாலில் மட்டும் "கர்த்தர் என் மேய்ப்பர்" வசனப் பலகை மூன்று தொங்கியது. இப்போது பெரியவர்களுக்குக் கிறிஸ்மா சீட்டு: சீட்டில் வருகிற ஒருவருக்கு மட்டும் ரகசியமாகப் பரிசு வாங்குவது.

1. நோட்டு

செலவுக் கணக்குக்கு ஆப் நிறைய இருக்கின்றன. இந்த வேலைக்கு அவை தோதுப்படாது என்பது என் கட்சி. நீளமான கோடு போட்ட நோட்டு ஒன்று போதும். மொய் நோட்டு எழுதிப் பழகிய ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. இடப்பக்கம் போன வருஷம் யாரிடமிருந்து என்ன வந்தது, வலப்பக்கம் நாம் என்ன செய்தோம். அத்தை, மாமா, அம்மா எல்லாரையும் கேட்டு நிரப்புங்கள். இரண்டு விஷயங்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்: இந்த வருஷம் யாருக்குத் தலை கிறிஸ்துமஸ், எந்த வீட்டில் துக்கம். தலை கிறிஸ்துமஸ் மாப்பிள்ளைக்குச் செய்வது தனிக் கணக்கு, அதை இந்தப் பட்ஜெட்டுக்குள் திணிக்காதீர்கள். துக்க வீட்டுக்குப் புதுத்துணி எடுத்துப் போகக் கூடாது, பலகாரம் போகலாமா என்பதை அந்த வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

2. மொத்தத் தொகை

கிறிஸ்துமஸுக்கு உதவுவது நவம்பர் சம்பளம். போனஸ் தீபாவளியோடு போய்விடும். டிசம்பர் சம்பளம் கைக்கு வரும்போது பொங்கல் வாசலில் நிற்கும், அதனால் அதில் கை வைப்பதில்லை. வீட்டில் அரசு ஊழியர் இருந்தால் வட்டியில்லாப் பண்டிகை முன்பணம் உண்டு. 2025-ல் அதை 10,000-லிருந்து 20,000 ரூபாயாக உயர்த்தினார்கள். கிடைக்கிறதே என்று வாங்கினால், பிறகு மாதாமாதம் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

30,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டு ஒரு மாதிரி தருகிறேன். நான் எழுதும் வரிசையிலேயே நீங்களும் எழுதுங்கள்:

ஆலயக் காணிக்கை, கேரல் கவர்: 3,000
இனாம்: 2,500
பரிசு: 3,500
பலகாரம், கேக்: 4,000
25-ஆம் தேதிச் சாப்பாடு: 3,500
ஸ்டார், குடில், பூ, ஆட்டோ: 1,500
கையிருப்பு: 1,000
துணி: 11,000

துணி கடைசியில் வருவதற்குக் காரணம் உண்டு. அதை முதலில் எழுதினால் மற்றதெல்லாம் மிச்சத்தில்தான் நடக்கும். வேலைக்கு வரும் அக்கா, தெரு கூட்டுகிறவர், சிலிண்டர் போடுகிறவர், பால்காரர் எல்லாருக்கும் நாம் கொடுக்கிற இனாமைத் துணிக்கடை பில்லைப் பார்த்துவிட்டுக் குறைப்பது நியாயமில்லை.

கேரல் செலவு பலர் பட்ஜெட்டில் இருப்பதே இல்லை. பாடல் குழு இரவு ஒரு மணிக்கு வரும். கித்தார், டிரம், கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்ட அண்ணன், பின்னால் தூக்கக் கலக்கத்தில் பத்துப் பொடிசுகள். கத்தோலிக்க வீடுகளுக்குக் குழந்தை இயேசு சுரூபத்தோடு வருவார்கள். கவரில் வைக்கிற பணம் எல்லாருக்கும் நினைவிருக்கும். நாற்பது பேருக்கு டீ, கேக், பேப்பர் கப் என்பது அந்த இரவில்தான் ஞாபகம் வரும். ஒரு கிலோ கேக்கை ஐம்பது கிராம் துண்டாக வெட்டினால் இருபது துண்டு. அப்படியானால் கேரலுக்கு மட்டும் இரண்டு கிலோ.

3. கவர்

ஒவ்வொரு வரிக்கும் ஒரு கவர், உள்ளே ரொக்கம். ஜிபேயில் செலவு செய்தால் எந்தத் தலைப்பில் எவ்வளவு போனது என்பது கடைசியில்தான் தெரியும். கவர் மெலிவது கையிலேயே தெரிகிறது. போனில்தான் கொடுப்பேன் என்றால் சிறு தொகையைத் தனியாக எடுத்து வைக்கிற யுபிஐ லைட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் 5,000 ரூபாய்க்கு மேல் நிற்காது, ஒரு தடவைக்கு 1,000 ரூபாய்க்கு மேல் போகாது. பலகாரச் சாமான் வாங்க அந்த வரம்பே போதும்.

4. வீட்டில் சொல்வது

"இந்த வருஷம் பெரியவர்களுக்குச் சீட்டு முறை, ஆளுக்கு ஒரு பரிசு" என்று வீட்டின் கடைசி மருமகள் சொன்னால் அது கஞ்சத்தனம். மாமியார் சொன்னால் ஒழுங்கு. அதனால் முதலில் அத்தையை மட்டும் உட்காரவைத்து நோட்டைக் காட்டுங்கள். எத்தனை டப்பா வந்தது, எத்தனை போனது என்று அவர்களே எண்ணட்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பது அவர்கள் குரல் பதிவாக இருக்கட்டும், நீங்கள் தட்டச்சு செய்ததாக வேண்டாம்.

பிள்ளைகளைச் சீட்டில் சேர்க்காதீர்கள். ஆளுக்கு 300 ரூபாய் என்று வைத்து எட்டுப் பேருக்கும் நேரடியாக வாங்கிவிடுங்கள். அது 2,400. கணவன் மனைவி இருவரின் கிறிஸ்மா பரிசு 500 வீதம் 1,000. பரிசுத்தாள், டேப் 100. மேலே போட்ட 3,500 அதுதான்.

5. கிறிஸ்மா சீட்டு

இங்கேதான் எல்லா வீட்டிலும் சிக்கல் வரும், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கல்லூரி விடுதியில் கிறிஸ்மா, கிறிஸ்சைல்டு விளையாடியவர்களுக்குத் தெரியும்: பெயர்களை எழுதிச் சொம்பில் போட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒன்று எடுப்பது. எடுத்தவர் கிறிஸ்மா, அவர் பரிசு கொடுக்க வேண்டியவர் கிறிஸ்சைல்டு. விடுதியில் சரி. குடும்பத்தில் மூன்று கோளாறுகள் உண்டு. முதலாவது, தன் பெயரே தனக்கு வருவது. பன்னிரண்டு பேர் எடுக்கும்போது யாருக்குமே சொந்தப் பெயர் வராமல் ஒரே குலுக்கலில் அமைய ஏறக்குறைய 37 சதவீத வாய்ப்புதான். அதாவது முக்கால்வாசி நேரம் என்று சொல்ல முடியாவிட்டாலும் பாதிக்கு மேல் மறுபடி குலுக்க வேண்டிவரும். "எனக்கு என் பேரே வந்திருச்சு" என்று சித்தப்பா சீட்டைத் திரும்பப் போட்டு வேறு எடுத்தால், கடைசியில் மிஞ்சும் ஆள் மாட்டிக்கொள்வார். இரண்டாவது, கணவனுக்கு மனைவி பெயர் வருவது. ஒரே பர்ஸிலிருந்து போய் அதே பர்ஸுக்கு வருகிற பரிசில் என்ன இருக்கிறது? மூன்றாவது, பெங்களூரிலும் துபாயிலும் இருப்பவர்களுக்காக இன்னொருவர் சீட்டு எடுப்பது. அத்தோடு ரகசியம் போச்சு.

குலுக்கலை விட்டுவிட்டு வட்டம் போடுங்கள்.

பன்னிரண்டு சீட்டில் பெயர்களை எழுதிக் கவிழ்த்துக் கலக்குங்கள். கலந்த வரிசையிலேயே தரையில் வட்டமாக அடுக்கித் திருப்பிப் பாருங்கள். கடிகாரம் சுற்றும் திசையில் அடுத்த சீட்டில் இருப்பவர்தான் ஒவ்வொருவருக்கும் கிறிஸ்சைல்டு. இந்த முறையில் சொந்தப் பெயர் வரவே வராது. நீ எனக்கு, நான் உனக்கு என்று இருவர் மாற்றிக்கொள்வதும் நடக்காது. எல்லாரும் ஒன்று கொடுப்பார்கள், எல்லாருக்கும் ஒன்று வரும்.

தம்பதி பக்கத்தில் பக்கத்தில் விழுந்திருந்தால் ஒருவர் சீட்டை எடுத்து எதிர்ப்பக்கத்தில் செருகுங்கள். எடுத்த இடத்தில் இரு பக்கமும் ஒட்டும் அல்லவா, அங்கே புதிதாக ஒரு ஜோடி சேர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓரகத்திகள் பேசிக்கொள்ளாத வருஷமாக இருந்தால் அவர்களையும் தள்ளிவைக்கலாம். ஒட்ட வைக்கலாம் என்பது அத்தையின் கருத்து. அது உங்கள் வீட்டு விஷயம்.

வட்டம் போடும் ஆள் சீட்டில் இல்லாதவராக இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு படிக்கிற பிள்ளை சரியான ஆள். அவள் வட்டத்தைப் போட்டு ஒரு படம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்தி அனுப்புவாள். தாத்தாவுக்கு மட்டும் மடித்த தாளில். அவர் போனுக்கு வருவதை ஊரே படிக்கும்.

சீட்டோடு ஒவ்வொருவரும் 500 ரூபாய்க்குள் தனக்குத் தேவையான இரண்டு மூன்று பொருள்களை எழுதித் தரச் சொல்லுங்கள். "எதுவானாலும் சரி" என்று எழுதுகிறவர்களின் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எங்கள் மாமா "முதுகு சொறிய மரக்கை" என்று எழுதினார். 500-ல் மிச்சத்துக்கு மயில் மார்க் லுங்கி என்று சேர்த்துக்கொண்டார்.

6. கடைக்குப் போவது

துணிக்கு விளக்குத்தூண் பக்கம். நவம்பர் கடைசிக்குள் போங்கள். வார நாளில் காலை பதினோரு மணிக்கு முன்னால் போனால் எடுத்துப் போடுகிறவர் நிதானமாக எடுத்துப் போடுவார். அத்தைமாருக்குச் சுங்குடிச் சேலை என் விருப்பம். பருத்தி, துவைக்கச் சுலபம், பட்ஜெட்டுக்குள் அடங்கும், ஊர்ப் பொருள் என்று வெளியூர்க்காரர்களும் சந்தோஷப்படுவார்கள்.

தைத்த உடுப்பு வாங்குகிறவர்களுக்கு ஒரு கணக்கு: 2025 செப்டம்பர் 22 முதல் ஓர் உடுப்பு 2,500 ரூபாய் வரை 5 சதவீத ஜிஎஸ்டி, அதற்கு மேலே போனால் 18. விலைச்சீட்டில் வரியும் சேர்ந்தே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. அந்த எல்லையை ஒட்டி மேலே நிற்கிற உடுப்பைக் கீழே வைத்துவிட்டு ஒருபடி குறைந்ததை எடுங்கள். அதே தேதியிலிருந்து கேக், பிஸ்கட், சாக்லேட்டுக்கும் 18-லிருந்து 5 ஆகியிருக்கிறது.

ஞாயிறு பள்ளி நாடகத்துக்குத் தேவதூதர் உடை, மேய்ப்பர் அங்கி வேண்டும் என்று டிசம்பர் இரண்டாம் வாரம்தான் சொல்வார்கள். மீனாட்சியம்மன் கோயில் எதிரே உள்ள புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய தையல்காரர்களிடம் போங்கள். சித்திரைத் திருவிழாவுக்குக் கள்ளழகர் வேஷ உடை தைக்கிற கைகள், ஜரிகை வைத்து இறக்கை மாட்டுவதெல்லாம் அவர்களுக்கு ஒரு வேலையே இல்லை. உங்கள் சொந்த ரவிக்கைக்கு மட்டும் டிசம்பர் முதல் வாரத்தைத் தாண்டாதீர்கள்.

பூவை லேசாக நினைக்காதீர்கள். பனிக்கு வரத்து குறைந்து, மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லிகை கிலோ இரண்டாயிரத்தைத் தாண்டிய டிசம்பர்கள் உண்டு. ஐந்து பெண்களுக்குச் சரம் என்றால் முந்தின நாளே சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் பிச்சிப்பூ.

7. அடுத்த வருஷத்துக்கு

30,000 என்பது மாதம் 2,500. வங்கியில் 12 மாத ஆர்.டி. (மாதாமாதம் ஒரே தொகை கட்டுகிற சேமிப்பு) போடலாம். ஜனவரியில் புத்தாண்டுத் தீர்மானமாகத் தொடங்கினால் அது முதிர்வது அடுத்த ஜனவரியில், அதாவது கேக் தீர்ந்த பிறகு. நவம்பரிலேயே தொடங்குங்கள். தபால் நிலைய ஆர்.டி. நல்லதுதான், மாதம் 100 ரூபாயிலிருந்து போடலாம். ஆனால் அது ஐந்து வருஷத் திட்டம், மூன்று வருஷத்துக்கு முன் மூட முடியாது, கிறிஸ்துமஸுக்கு உதவாது. கடைகளில் பிடிக்கிற பண்டிகைச் சீட்டு எனக்குப் பிடிப்பதில்லை. பணத்துக்குப் பதில் அவர்கள் வைத்திருக்கிற பொருளைத்தான் தருவார்கள், அதுவும் ஆள் கடையில் இருந்தால்.

பின்சேர்க்கை

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போக ரயில் டிக்கெட் எப்போது எடுப்பது என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. டிசம்பர் 23-க்கு வேண்டுமானால் அக்டோபர் 24 காலை எட்டு மணி. நாகர்கோவில், நெல்லைப் பக்கம் போகிறவர்கள் காத்திருப்புப் பட்டியலை நம்பாதீர்கள், பகலில் பஸ் பிடித்துப் போய்விடலாம்.

இன்னொரு பின்சேர்க்கை

வட்டம் போட்ட பிள்ளை ஒரு டெய்ரி மில்க்குக்கு எல்லாப் பெயரையும் விற்றுவிட்டது என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அதற்கு என்னிடம் மருந்து இல்லை. பெரிய டெய்ரி மில்க்கை நீங்கள் முந்திக் கொடுத்துவிடுங்கள்.

வேறொருவரின் கேள்வி உபயோகமானது: சீட்டு போட்ட பிறகு ஒருவர் வரவில்லை என்றால்? துக்கம், ஆஸ்பத்திரி, லீவு கிடைக்கவில்லை என்று எதுவும் நடக்கும். வட்டத்தில் அவர் சீட்டை மட்டும் உருவிவிடுங்கள். அவருக்குக் கொடுக்க வேண்டியவர், அவர் கொடுக்க வேண்டியவருக்குக் கொடுப்பார். இருவரும் தம்பதியாக இல்லாவிட்டால் வேறு யாரையும் தொட வேண்டாம். பரிசை ஏற்கெனவே வாங்கிவிட்டார் என்றால் அது லீவு கிடைக்காதவருக்குக் கூரியரில் போகட்டும். புதிதாக வாங்கும் 500 கையிருப்புக் கவரிலிருந்து.