பழைய மாருதி 800 ஐட்லிங்கில் குலுங்கினால்: கார்புரேட்டரைக் கடைசியில் தொடுங்கள்

சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங் நடுங்கும். ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் சரியாகும், காலை எடுத்தால் வண்டி அணையப் பார்க்கும். கார்புரேட்டர் வைத்த மாருதி 800-ல் இதற்குப் பெரும்பாலும் கிடைக்கும் வைத்தியம், மிக்ஸ்சர் ஸ்க்ரூவை (பெட்ரோல்-காற்று கலவையைக் கூட்டிக் குறைக்கும் திருகு) அரைச் சுற்று திருப்பிவிடுவது. அப்போதைக்குச் சத்தம் அடங்கும். ஆனால் எங்கோ ஏர் லீக் இருந்து, அதை மறைக்கத்தான் பெட்ரோலைக் கூட்டியிருக்கிறோம் என்றால், மைலேஜ் விழும், பிளக் கருக்கும், சில வாரங்களில் குலுக்கல் திரும்பி வரும். மிக்ஸ்சர் ஸ்க்ரூ கடைசி வேலை.

முதலில் குலுங்குவது இன்ஜினா, பாடியா என்று பிரித்துப் பாருங்கள். 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின் என்பதால் கொஞ்சம் ஆட்டம் பிறவியிலேயே உண்டு. சைலன்சர் வாயில் சத்தம் சீராக, விட்டுப்போகாமல் வருகிறது, ஆனாலும் டேஷ்போர்டு கடகடவென்கிறது என்றால் இன்ஜின் மவுண்ட் ரப்பரைப் பாருங்கள். ரப்பர் கிழிந்தோ அமுங்கியோ போனால், எவ்வளவு ட்யூனிங் செய்தாலும் நடுக்கம் போகாது. சத்தம் ‘பட்… பட்’ என்று இடையில் விட்டுப்போனால் மிஸ்ஸிங், அதாவது ஏதோ சிலிண்டர் சரியாக எரியவில்லை. எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

இன்ஜினை அணைத்து, ஒரு பிளக் ஒயரைக் கழற்றி, அதில் வேறொரு பழைய பிளக்கைச் சொருகி, அந்தப் பிளக்கின் உடல் இன்ஜின் இரும்பில் நன்றாகத் தொடும்படி வையுங்கள். பெட்ரோல் கசிவு எங்கும் இல்லை என்று பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஓடும் இன்ஜினில் ஒயரைக் கையால் பிடுங்கினால் ஷாக் அடிக்கும். ஒயரை அந்தரத்தில் தொங்கவிட்டால் இக்னிஷன் காயில் கெடலாம். நல்ல சிலிண்டர் என்றால் ஒயரைக் கழற்றியதும் குலுக்கல் பெரிதாகும். எந்த ஒயரைக் கழற்றினால் மாற்றமே இல்லையோ, அந்த சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை.

ஒரே சிலிண்டர்தான் என்றால் பிளக்கிலிருந்து தொடங்குங்கள். மூன்றையும் கழற்றி வரிசையாக வைத்துப் பாருங்கள். நுனி இளம் பழுப்பாக இருந்தால் நல்லது. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், எண்ணெய்ப் பசையோடு கறுப்பு என்றால் பிஸ்டன் ரிங்கிலோ வால்வ் சீலிலோ ஆயில் ஏறுகிறது. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து பிளக் நுனி இடைவெளியை 0.7 முதல் 0.8 மி.மீ.க்குள் வையுங்கள். பிறகு டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் ஸ்பார்க்கைப் பிரித்து அனுப்புவது) மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே பென்சிலால் கிறுக்கியதுபோல் மெல்லிய கருங்கோடு இருந்தால், ஸ்பார்க் அந்த வழியாகத் திசைமாறிப் போகிறது. துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். நடுவில் இருக்கும் கார்பன் பொத்தான் ஸ்பிரிங்கோடு உள்ளே போய் வரவேண்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் (திறந்து மூடும் தொடுமுனை) வைத்த பழைய வண்டி என்றால் பாயிண்ட் இடைவெளியை 0.4 மி.மீ. ஒட்டி வையுங்கள். ஒயர்களை மறுபடி மாட்டும்போது ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-3-2.

பிளக், ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி எல்லாம் சரியாக இருந்தும் அதே சிலிண்டர் செத்திருந்தால் டேப்பெட் (வால்வ்) இடைவெளியையும் கம்ப்ரஷனையும் (சிலிண்டருக்குள் வரும் அழுத்தம்) பாருங்கள். மூன்று சிலிண்டர்களுக்குள் சதுர செ.மீ.க்கு 1 கிலோவுக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்தால் ரீடிங் ஏறுகிறதா? ரிங் தேய்மானம். ஏறவில்லை என்றால் வால்வ் அல்லது ஹெட் கேஸ்கெட்.

மூன்று சிலிண்டரும் சேர்ந்து தடுமாறினால் ஏர் லீக் மேல்தான் முதல் சந்தேகம். ஐட்லிங்கில் இன்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம். அதில் ஒரு சிறு விரிசல் வழியாகக் கணக்கில் வராத காற்று புகுந்தாலும் கலவை மெலிந்துவிடும். வேகமாக ஓடும்போது மொத்தக் காற்று அதிகம் என்பதால் அதே லீக் தெரியவே தெரியாது. மிதித்தால் சரியாவதற்குக் காரணம் இதுதான். பிரேக் பூஸ்டர் இருந்தால் அதற்குப் போகும் ஹோஸ், டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்யூம் ஹோஸ், பிசிவி ஹோஸ் (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை மறுபடி எரிக்க இழுக்கும் குழாய்), கார்புரேட்டர் அடியில் உள்ள கேஸ்கெட், மேனிஃபோல்டு கேஸ்கெட் ஆகிய இடங்களைப் பாருங்கள். ஹோஸின் மேற்பக்கம் புதிதுபோல் இருக்கும். வளைத்து அடிப்பக்கம் பார்த்தால்தான் விரிசல் தெரியும். ஓடும் இன்ஜினில் ஹோஸ்களை ஒவ்வொன்றாக நசுக்கிப் பிடியுங்கள். எதை நசுக்கும்போது ஐட்லிங் மாறுகிறதோ அந்த வழியைத் தேடுங்கள். கேஸ்கெட் ஓரங்களில் தண்ணீரை மெல்லத் தெளித்துப் பார்க்கலாம், ஒயர் பக்கம் படாமல். கார்ப் கிளீனர் ஸ்ப்ரே இன்னும் தெளிவாகக் காட்டும் என்றாலும் சூடான எக்ஸாஸ்டில் பட்டால் தீப்பிடிக்கும்.

லீக் இல்லை, ஆனால் காலை எடுத்த உடனே அணைகிறது என்றால் ஐடில் ஜெட் (ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் சிறு துளை) அடைத்திருக்கலாம். அதற்கு முன், கார்புரேட்டரில் ஃபியூயல் கட் சோலனாய்டு (சாவியை அணைத்தால் பெட்ரோலை அடைக்கும் மின் வால்வ்) இருந்தால் சாவியை ஆன் செய்து அதன் ஒயரைக் கழற்றி மாட்டுங்கள். ‘டிக்’ என்று கேட்க வேண்டும். ஜெட்டைக் கிளீனரும் காற்றும் வைத்துச் சுத்தம் செய்யுங்கள். கம்பியோ ஊசியோ விடவே கூடாது. துளை பெரிதானால் அந்த ஜெட் வீண்.

இப்போது ட்யூனிங். இன்ஜின் நன்றாகச் சூடாகி, ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை ஓடி நின்றிருக்க வேண்டும். சோக் முழுதும் திறந்து, ஏர் ஃபில்டர் மாட்டி, ஏசி, லைட் அணைத்திருக்க வேண்டும். ஐடில் ஸ்பீட் ஸ்க்ரூவால் சுமார் 900 ஆர்பிஎம் வையுங்கள். மிக்ஸ்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி, வேகம் அதிகபட்சம் ஏறும் இடத்தைக் கண்டுபிடித்து, ஸ்பீட் ஸ்க்ரூவால் மறுபடி 900-க்கு இறக்குங்கள். இரண்டு, மூன்று முறை மாற்றி மாற்றிச் செய்தால் படியும். மிக்ஸ்சர் ஸ்க்ரூவை உள்ளே இறுக்கி முறுக்காதீர்கள். அதன் ஊசிமுனையில் தடம் விழுந்தால் பிறகு செட்டிங் நிற்காது.

இப்போது பெட்ரோல் பங்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் கலவை கொஞ்சம் மெலிந்தே எரியும். கார்புரேட்டர் தானாகத் திருத்திக்கொள்ளாது. அதனால் பழைய செட்டிங்கை விடச் சற்றே ரிச்சாக (பெட்ரோல் கூடுதலாக) வைக்க வேண்டி வரலாம். பழைய ரப்பர் பெட்ரோல் ஹோஸ் உப்பியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

எம்பிஎஃப்ஐ வண்டிகளில் (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வைத்தவை) மிக்ஸ்சர் ஸ்க்ரூவுக்கு வேலையில்லை. பிளக், ஏர் லீக் பார்த்தபின் த்ராட்டில் பாடியில் படிந்த கரியையும் ஐடில் வால்வையும் சுத்தம் செய்யுங்கள். த்ராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள்.

செட்டிங் முடிந்ததும் ஹெட்லைட், ஏசி போட்டு ஐட்லிங் தாங்குகிறதா என்று பாருங்கள். நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு பிளக்கைத் திரும்பக் கழற்றுங்கள். இன்னும் கரி என்றால் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்று உள்ளே. வெளுத்திருந்தால் கால் சுற்று வெளியே.