நம்மூரு சிஎஸ்ஐ சர்ச் வரலாறு எழுதறதுக்கு எங்கிருந்து ஆரம்பிக்கறது

நூத்தாண்டு மலருக்கு சர்ச் வரலாறு எழுதிக் குடுங்கன்னு பாஸ்டரேட் கமிட்டில, அதான் சபை நிர்வாகக் குழுவுல, உங்க தலைல கட்டிட்டாங்களா, சரி உடுங்க, ஆனா எடுத்த ஒடனே எழுத ஒக்காந்தராதீங்க.

வாசல் போர்டுல சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபைன்னு இருக்கறத பாத்துட்டு ஆதியிலிருந்தே பிஷப்புக்கு கீழ இருந்த கோயில்னு எழுதறாங்க பாருங்க, அங்கதான் பாதி மலரு தப்பாப் போகுது. சிஎஸ்ஐ பொறந்ததே 1947 செப்டம்பர் 27, மெட்ராஸ் செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல்ல. அதுக்கு முன்னால கோயமுத்தூரு, ஈரோடு, சேலமெல்லாம் லண்டன் மிஷன்கற மிஷனரி சங்கம், அவங்ககிட்ட பிஷப்பே கெடையாது, 1908ல தென்னிந்திய ஐக்கிய சபைல சேந்தாங்க, அதுதான் 47ல சிஎஸ்ஐல கலந்துச்சு. தாராபுரம், கரூர் பக்கம் வெஸ்லியன் மெதடிஸ்ட்னு இன்னொரு மிஷன்காரங்க, அவங்க நேரா 47லதான் சிஎஸ்ஐக்குள்ள வந்தாங்க. தொரைமாருங்க போன ஆங்கிலிக்கன் (இங்கிலாந்து திருச்சபை) கோயிலு தனி, கோவை ஆல் சோல்ஸ் மாதிரி. கோயமுத்தூருக்கு ஏ.ஜே. அப்பாசாமி பேராயரா, அதான் பிஷப்பா, வந்தது 1950ல.

இதெல்லாம் எதுக்குன்னா, பழைய கடுதாசி எங்க கெடக்குங்கறது அதுலதான் இருக்கு. லண்டன் மிஷன், வெஸ்லியன் ரெண்டோட கடிதமும் ரிப்போர்ட்டும் லண்டன்ல சோவாஸ் காலேஜ் நூலகத்துல இருக்கு. வெள்ளக்காரங்க ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் பதிஞ்ச காப்பிய பிரிட்டிஷ் லைப்ரரில தேடணும். தேடும்போது இன்னொண்ணு, ஈரோடு தனி மாவட்டமானதே 1979ல, தாராபுரம் திருப்பூருக்கு போனது 2009ல, அதனால பழைய பேப்பர்ல ரெண்டுமே கோயமுத்தூர் ஜில்லாவுலதான் கெடக்கும்.

லண்டனெல்லாம் பொறவு பாத்துக்கலாம், மொதல்ல ஆயர் (பாஸ்டர்) ஐயாகிட்ட கேட்டு பீரோவத் தொறங்க. ஞானஸ்நான ரிஜிஸ்டர்தான் தங்கம். மொத பக்கத்து தேதி, கையெழுத்து, ஊருப்பேரு எல்லாம் போன்ல போட்டோ எடுங்க, ஜெராக்ஸ் மெஷின்ல அமுக்குனா பழைய பைண்டிங் பிஞ்சு போயிரும். சில ரிஜிஸ்டர்ல சாதியும் எழுதியிருப்பாங்க, அதத் தூக்கி மலர்ல போட்டுறாதீங்க, வீட்டுக்காரங்க சம்மதம் இல்லாம குடும்பக் கதையும் வேண்டாங்க. எந்தக் குடும்பம் மொதல்ல வந்துச்சுன்னு ரெண்டு வீட்டுக்காரங்க மல்லுக்கட்டுவாங்க, ரிஜிஸ்டர்ல என்ன இருக்கோ அத மட்டும் எழுதிட்டு நகந்துக்கோங்க.

தேதில ஏமாந்துறாதீங்க. சபை கூட ஆரம்பிச்சது, அஸ்திவாரக்கல் போட்டது, பிரதிஷ்டை பண்ணுனது மூணும் வேற வேற வருசமா இருக்கும், கல்லுல ஒண்ணுதான் இருக்கும். நானே ஒருக்கா போர்ட்டிகோ கட்டுன வருசத்த கோயில் கட்டுன வருசம்னு எழுதி அச்சுக்கும் போயிருச்சு, இன்னைக்கும் அந்த மலர எடுத்துக் காட்டுறாங்க.

பெரியவங்ககிட்ட எந்த வருசம்னு கேட்டா சொல்லத் தெரியாது. "ஏனுங் ஆத்தா, உங்க கல்யாணம் பவானிசாகர் டேம் கட்டறதுக்கு முன்னாலயா பொறவா"ன்னு கேளுங்க, அது 1955ல முடிஞ்சது, கணக்கு தானா வந்துரும். மேட்டூர் டேம் 1934, தனுஷ்கோடி புயல் 1964, இப்புடி நாலஞ்ச மனசுல வெச்சுக்கோங்க. மதியம் சாப்பாட்டுக்குப் பொறவு போகாதீங்க, தூங்கிருவாங்க, ஞாயித்துக்கெழம ஆராதனை முடிஞ்ச கையோட புடிச்சா நல்லாப் பேசுவாங்க.

கல்லறைத் தோட்டத்துக்கு காலைல சீக்கிரமா போங்க, வெயிலு சாய்வா உழுகறப்பதான் தேஞ்ச எழுத்து தெரியும். சுண்ணாம்பு, கம்பி பிரஷ்னு போட்டுத் தேய்க்காதீங்க, தண்ணியும் மெதுவான துணியும் போதும். விழாவுக்குன்னு டைல்ஸ் ஒட்ட ஆளு வர்றதுக்குள்ள சுவத்துல இருக்கற கல்வெட்டு அத்தனையும் போட்டோ எடுத்துருங்க.