கேபிள் பேக்கை ரீசார்ஜ் செய்வதற்கு முன் ஒரு கூட்டல்

வீட்டில் உண்மையிலேயே பார்க்கிற கட்டண சேனல்களின் தனி விலையைக் கூட்டிப் பாருங்கள். பேக் விலையைவிடக் குறைந்தால் அவற்றை மட்டும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, சேனல் நிறுவனங்கள் தங்கள் சேனல்களைச் சேர்த்து விற்கும் தொகுப்புக்குத் தரும் தள்ளுபடி 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 19 ரூபாய்க்கு மேல் விலையுள்ள சேனலைத் தொகுப்பில் சேர்க்கவும் முடியாது. பெரும்பாலும் சீரியல் ஓடும் பெரிய சேனல்தான் விலையைச் சுமக்கும். மற்றவற்றில் பல விலை குறைந்தவை, கறிவேப்பிலை கொசுறு மாதிரி. அந்த 45 சதவீத வரம்பின்படி, தனி விலை மொத்தம் 40 ரூபாய் வரும் தொகுப்புக்குச் சேனல் நிறுவனம் 22 ரூபாய்க்குக் கீழே விலை வைக்க முடியாது. நீங்கள் பார்ப்பது பாட்டும் காமெடியும் மட்டும் என்றால் அதைவிடக் குறைவாக முடிந்துவிடலாம்.

பாட்டிக்கு அந்தப் பெரிய சீரியல் சேனலும் வேண்டும், குழந்தைக்குக் கார்ட்டூனும் வேண்டும் என்றால் இந்தக் கணக்கு உதவாமல் போகலாம், பேக்கே மலிவாக இருக்கலாம். கட்டண சேனலைக் குறைத்தாலும் நெட்வொர்க் கட்டணம், அதாவது சேனல்களை வீட்டுக்குக் கொண்டுவருவதற்காக கேபிள் நிறுவனம் வாங்கும் கட்டணம், பெரும்பாலும் அப்படியே இருக்கும்.