லேப்டாப் ஸ்கிரீன்ல கோடு விழுதா? சிப் போச்சுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி

சாரல் சீசன் வந்தா செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு பக்கத்துல நிறைய பேரு இதைத்தான் கேக்காங்க. ஸ்கிரீன்ல கோடு கோடா வருது, கலர் கட்டம் கட்டமா தெறிக்குது, புனலூர்ல ஒரு கடையில காமிச்சா கிராபிக்ஸ் சிப் போச்சுங்காங்க, தென்காசியில காமிச்சா டிஸ்ப்ளே மாத்தணும்ங்காங்க, யாரை நம்புறதுன்னு. நான் சொல்றது, யாரையும் நம்புறதுக்கு முன்னாடி வீட்டுலயே சில விஷயத்தை நீங்களே பாத்துருங்க, காசு எதுவும் ஆகாது.

முதல் தப்பு, கோட்டைப் பாத்த உடனே அது சிப்புதான்னு முடிவு கட்டுறது. படம் சிப்புல உருவாகி, மூடியோட கீலு வழியா போற சின்ன கேபிள்ல ஏறி, அப்புறம்தான் பேனலுக்கு, அதாவது படம் தெரியுற ஸ்கிரீன் தகட்டுக்கு வருது, இதுல எந்த இடத்துல கோளாறுன்னாலும் நம்ம கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். அதனால ஸ்கிரீன் கோளாறு பண்ணும்போதே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்க. அந்தப் படத்தை போனுக்கு அனுப்பி போன்ல பாருங்க. அதுலயும் கோடு இருந்தா பேனல் மேல குத்தமே இல்ல, சிப்பு, டிரைவர் (சிப்பை விண்டோஸோட பேச வைக்கிற சாப்ட்வேர்), ராம் (வேலை நடக்கும்போது மட்டும் பயன்படுற மெமரி) இந்த மூணுல ஒண்ணு. படம் சுத்தமா இருந்தா பெரும்பாலும் கேபிள் இல்லன்னா பேனல். கூடவே போன்ல ஒரு வீடியோவும் எடுத்து வச்சுக்கிடுங்க, ஏன்னா கடைக்குக் கொண்டு போன நேரம் பாத்து லேப்டாப் ஒழுங்கா ஓடும்.

அடுத்தது எச்டிஎம்ஐ வயர் போட்டு டிவியில பாக்குறது. டிவியிலயும் அதே கோளாறு வந்தா பேனல் தப்பிச்சுது. ஆனா டிவியில நல்லா தெரியுதுன்ன உடனே சிப்பு நல்லாருக்குன்னு சந்தோஷப்பட்டுராதீங்க, இங்கதான் நிறைய பேரு ஏமாறுதாங்க. ரெண்டு கிராபிக்ஸ் இருக்க லேப்டாப்புல உள் ஸ்கிரீனை பெரும்பாலும் பிராசசரோட இருக்க கிராபிக்ஸ்தான் ஓட்டும், எச்டிஎம்ஐ போர்ட்டு நிறைய கேமிங் மாடல்ல தனி கிராபிக்ஸ் சிப்போட இணைஞ்சிருக்கும். அப்ப நீங்க சோதிச்சது வேற சிப்பைத்தான். உங்க மாடல்ல எது எதோட இருக்குன்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

மூடியை மெதுவா முன்னயும் பின்னயும் அசைக்கும்போது கோடு மாறுதா, ஒரு கோணத்துல மட்டும் சரியாகுதா, அப்படின்னா கேபிள் மேலதான் சந்தேகம். கொல்லம், புனலூர் காலேஜுக்கு பஸ்ல போயிட்டு வார பிள்ளைங்க ஒரே பேக்ல சார்ஜரு, டிபன் பாக்ஸு, லேப்டாப்புன்னு எல்லாத்தையும் அமுக்கித் திணிச்சு மலை வளைவு பூராவும் மடியில இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு வருதாங்க, பேனலும் கேபிளும் பாவம் என்ன செய்யும். ஸ்கிரீனை விரலால அமுக்கிப் பாத்து சோதிக்கிறதும் வேண்டாம், நல்லா இருக்க பேனலும் போயிரும். பேனல்தான்னு உறுதியாயிட்டா லேப்டாப் மாடல் பேரை மட்டும் சொல்லி ஆர்டர் போடாதீங்க, ஒரே மாடல்ல வேற வேற பேனல் வரும், கேபிள் செருகுற இடத்துல 30 பின்னு, 40 பின்னுன்னு வித்தியாசம் வேற இருக்கு, பழைய பேனலோட முதுகுல ஒட்டியிருக்க நம்பரைப் பாத்துத்தான் வாங்கணும். மாட்டும்போது பேட்டரி கனெக்டரைக் கழட்டாம டிஸ்ப்ளே கேபிளைச் செருகினா ஸ்கிரீனுக்கு வெளிச்சம் குடுக்குற பேக்லைட்டோட ப்யூஸ் எரிஞ்சு போறதுக்கு வாய்ப்பு அதிகம். வாரண்டி இருந்தா திறக்கவே திறக்காதீங்க.

ஸ்விட்ச் போட்ட உடனே வார லோகோவுலயும் பயாஸ் ஸ்கிரீன்லயும் (விண்டோஸ் வாரதுக்கு முன்னாடி இருக்க செட்டிங்ஸ் பக்கம்) கோடு இருந்தா விண்டோஸுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, திரும்பத் திரும்ப விண்டோஸ் போட்டு ஒரு நாளை வீணாக்காதீங்க. அங்க சுத்தமா இருந்து விண்டோஸ்ல மட்டும் வந்தா விண்டோஸ் கீ, கண்ட்ரோல், ஷிப்ட், பி நாலையும் சேத்து அமுக்குங்க, டிரைவர் ரீஸ்டார்ட் ஆகும். சமீபத்துல அப்டேட் ஆகி அதுக்கப்புறம் ஆரம்பிச்சிருந்தா டிவைஸ் மேனேஜர்ல பழைய டிரைவருக்குத் திரும்புங்க.

ராமை யாரும் நினைச்சே பாக்க மாட்டேங்காங்க. பிராசசரோட இருக்க கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, மெயின் ராமைத்தான் எடுத்துக்கும், அந்த ராம் கெட்டா ஸ்கிரீன்ல கட்டம் தெறிக்கும், பாக்க அச்சு அசலா சிப்பு போன மாதிரியே இருக்கும். ரெண்டு ராம் இருந்தா ஒண்ணு ஒண்ணா கழட்டிப் போட்டுப் பாருங்க, விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்கும் ஓட விடுங்க. நம்ம பக்கம் சாரல் காத்துல ஜன்னலோரமா லேப்டாப்பை வச்சா உள்ள ஈரம் கோக்கும், கனெக்டர்ல பச்சை பிடிக்கும். நனைஞ்சதுன்னு தெரிஞ்சா ஓடுதான்னு பாக்க ஸ்விட்ச் போடுறதுதான் பெரிய தப்பு. உடனே ஆப் பண்ணி சார்ஜரை உருவி, பேட்டரியைக் கழட்டச் சொல்லிக் கடைக்குக் கொண்டு போயிருங்க. அரிசியில புதைச்சு வைக்கிறதால உள்ள உலோகம் அரிக்கிறது நிக்காது.

இப்ப சிப்புதான்னு நிஜமாவே தெரிஞ்சுபோச்சுன்னு வைங்க. இங்கதான் காசு போற இடம். ஹாட் ஏர் அடிச்சுத் தாறேன், ரீபால் பண்ணி, அதாவது சிப்புக்கு அடியில இருக்க சால்டர் (பத்த வைக்கிற உலோகம்) உருண்டைகளை மாத்தித் தாறேன்னு சொல்லுவாங்க, அடிச்சா ஓடவும் செய்யும், நீங்களும் காசு குடுத்துட்டு வந்துருவீங்க, கொஞ்ச நாள்ல பழையபடி கோடு. காரணம் இதுதான். சிப்புக்கும் மதர்போர்டுக்கும் நடுவுல இருக்க சால்டர் உருண்டைகள் வேற, சிப்புக்குள்ள சிலிக்கானுக்கும் அதோட அடித்தட்டுக்கும் நடுவுல இருக்க பொடிப் புள்ளிகள் வேற. பல நேரம் விரிசல் விழுறது அந்த உள் புள்ளியில, ரீபால் பண்றது வெளி உருண்டையை. சூடு ஏத்தும்போது உள்ள விரிசல் தற்காலிகமா ஒட்டிக்கும், அவ்வளவுதான். இது சின்னக் கம்பெனி சரக்குல மட்டும் வர்ற விஷயம் இல்ல. 2008 ஜூலையில கிராபிக்ஸ் சிப் பண்ற பெரிய கம்பெனியான என்விடியாவே சில லேப்டாப் சிப்புகள்ல சிப்பைப் பொதிஞ்சிருக்க பேக்கேஜிங் பொருள் பலவீனம்னு சொல்லி 150லேர்ந்து 200 மில்லியன் டாலர் ஒதுக்குச்சு, 2011லேர்ந்து 2013 வரைக்கும் வித்த சில மேக்புக் ப்ரோவுக்கு இதே மாதிரி ஸ்கிரீன் கோளாறுக்காக 2015 பிப்ரவரியில ஆப்பிள் இலவச ரிப்பேர் அறிவிச்சுது. வீட்டு ஓவன்ல போர்டை வைக்கிற வீடியோவைப் பாத்துட்டு தயவுசெஞ்சு யாரும் இறங்காதீங்க, ஈயம் இல்லாத சால்டர் உருகவே 217 டிகிரிக்கு மேல வேணும், அந்தச் சூட்டுல பிளாஸ்டிக் கனெக்டர், கெப்பாசிட்டர் எல்லாம் கெட்டுப்போகும், புகையும் ஒடம்புக்கு ஆகாது.

புது சிப்பு மாத்துறேன்னு சொன்னா, புதுசா, வேற போர்டுலேர்ந்து உருவினதான்னு கேட்டு, வாரண்டியை பில்லுல எழுதி வாங்குங்க. தனி கிராபிக்ஸ் மட்டும் போயி பிராசசர் கிராபிக்ஸ் நல்லா இருந்தா டிவைஸ் மேனேஜர்ல தனியை டிசேபிள் பண்ணிப் பாருங்க. கேம் ஓடாது, ஆனா பல லேப்டாப்புல பிராஜெக்ட்டு, ஆன்லைன் கிளாஸு, பேங்க் வேலைக்கெல்லாம் அதுவே போதும், படிக்கிற பிள்ளைக்கு உடனே வேற வாங்க முடியாத வீட்டுல இது பெரிய ஆறுதல்.

போர்டு மாத்துறதுன்னு முடிவாயிட்டா, டிவியில படம் தெரியும்போதே பைல் எல்லாத்தையும் காப்பி எடுத்துருங்க. விண்டோஸ் 11ல பல லேப்டாப்புல டிஸ்க் தானாவே பூட்டியிருக்கும், போர்டு மாறினா பிட்லாக்கர்ங்கிற அந்தப் பூட்டு ரிகவரி கீ கேக்கும், 48 இலக்க நம்பர், உங்க மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்ல இருக்கான்னு பாத்து தாள்ல எழுதி வச்சுட்டு அப்புறமா கடைக்குக் குடுங்க.