வைஸ் இல்லாமல் பலகையைப் பிடிக்கும் வழிகள்

இழைப்புளி பலகையை முன்னால் தள்ளும். உளி கீழே இடிக்கும். விசை எந்தப் பக்கம் போகிறதோ அங்கே ஒரு தடை இருந்தால் போதும், பலகை அசையாது. நாலு பக்கமும் இறுக்கத் தேவையில்லை. தரையில் உட்கார்ந்து கட்டையைக் காலால் அழுத்தி வேலை செய்யும் ஆசாரிகளுக்கு வைஸ் (மேசையில் பொருத்திய திருகுப் பிடி) தேவைப்படாததும் இதனால்தான்.

முதலில் முன்தடை. 9 மி.மீ. பிளைவுட்டில் 50 மி.மீ. அகலத் துண்டு ஒன்றை மேசையின் இடது முனையில் குறுக்காக வைத்து மூன்று திருகு போடுங்கள் (இடதுகைக்காரர்கள் வலது முனையில்). திருகுத் தலைகள் நன்றாக உள்ளே அமிழ வேண்டும். இழைப்புளியின் பிளேடு ஒருமுறை பட்டாலே அதன் முனை உடையும். இழைக்கும் பலகையைவிடத் தடை எப்போதும் தாழ்வாக இருக்கட்டும். மெல்லிய பலகைக்கு 4 மி.மீ. பிளைவுட் போடுங்கள்.

முன்தடை மட்டும் இருந்தால், குறுக்காக இழைக்கும்போது பலகை சுழன்றுவிடும். இதற்குப் பலர் விலை கொடுத்துத் தனிக் கிளாம்ப் (இறுக்கும் பிடி) வாங்குகிறார்கள். ஒரு பிளைவுட் துண்டும் சாதாரண சி-கிளாம்ப் ஒன்றும் போதும். 12 மி.மீ. தடிமன், 400 நீளம், 120 அகலம். ஒரு முனையில் 90 டிகிரிக்கு முக்கோணமாக வெட்டி எடுங்கள். பலகையின் பின்மூலைகளில் உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருப்பது அந்த வெட்டுக்குள் உட்காரும்படி துண்டைச் சாய்த்து வைத்து, மறுமுனையை மேசை விளிம்போடு அந்த சி-கிளாம்பால் இறுக்குங்கள். அவ்வளவுதான். பலகையைத் திருப்பிப் போட எதையும் தளர்த்த வேண்டாம், தூக்கி மாற்றினால் போதும். துண்டு வழுக்கினால் கிளாம்பை மேலும் முறுக்காதீர்கள். அடியில் 80-ம் நம்பர் உப்புத்தாளை ஒட்டுங்கள்.

பலகையை நிமிர்த்தி விளிம்பை இழைக்க ஆப்பு. 300-க்கு 200 அளவில் 18 மி.மீ. பிளைவுட் எடுத்து, உங்களைப் பார்த்த முனையில் 160 மி.மீ. ஆழத்துக்கு ஒரு வாய் வெட்டுங்கள். ஒரு பக்கம் நேர்கோடு, மறுபக்கம் 8-க்கு 1 சரிவு (8 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ.), உள்ளே போகப்போகக் குறுகும். இதை மேசையில் திருகிவிட்டு, பலகையை நேர்ப்பக்கத்தோடு ஒட்டி நிறுத்தி, சரிவுப் பக்கத்தில் அதே சரிவுள்ள ஆப்பைச் செருகுங்கள். இழைக்க இழைக்கப் பலகை ஆப்பையும் உள்ளே இழுத்துத் தானாக இறுகும். சரிவு மிகவும் கூடினால் ஆப்பு பிதுங்கி வெளியே வரும். மிகவும் குறைந்தால் எடுக்க முடியாமல் சிக்கிக்கொள்ளும். ஆப்புக்கு மெழுகு தடவாதீர்கள், உராய்வுதான் இங்கே பிடி.

ரம்பத்துக்கு: 300 × 200 பலகை, மேலே ஒரு கட்டை, அடியில் எதிர்முனையில் ஒரு கட்டை. அடிக்கட்டையை மேசை விளிம்பில் மாட்டி, அறுக்கும் மரத்தை மேல்கட்டையோடு அழுத்திப் பிடியுங்கள். மேல்கட்டையை மூலைமட்டம் வைத்து ஒட்டுங்கள். ஆணி வேண்டாம், பெவிகாலும் மரக்குச்சியும் போதும். தேய்ந்த பின் ரம்பம் அங்கேதான் போகும்.

பலகைகளைப் பக்கவாட்டில் ஒட்ட, அவற்றின் மொத்த அகலத்தைவிட 30 மி.மீ. கூடுதல் இடைவெளியில் இரு கட்டைகளை மேசையில் திருகுங்கள். 150 நீளம், ஒரு முனை 6, மறுமுனை 24 மி.மீ. உள்ள இரு ஆப்புகளை எதிரெதிராக வைத்தால் இடைவெளி சரியாக நிரம்பும். இரண்டையும் மாறிமாறி லேசாகத் தட்டுங்கள். ஒன்றை மட்டும் அடித்தால் பலகை பக்கவாட்டில் நகரும். அடியில் பாலிதீன் தாள் விரிக்க மறக்காதீர்கள். இறுக்கம் கூடினால் நடுப்பகுதி மேலே எழும்பும். அதனால் முதலில் குறுக்கே ஒரு நேரான சட்டத்தை வைத்துப் பளுவேற்றிவிட்டு, அப்புறம் ஆப்பைத் தட்டுங்கள். இணைப்பு நெடுகப் பசை சிறு முத்துகளாகக் கசிந்ததும் நிறுத்திவிடலாம்.

வளைந்த கால், வட்ட விளிம்புக்குப் பழைய சைக்கிள் டியூபை 25 மி.மீ. பட்டைகளாக நறுக்கி, நன்றாக இழுத்தபடி சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் அழுத்தத்தோடு சேரும். மெல்லிய துண்டு என்றால் மூன்று சுற்றுக்கு மேல் வேண்டாம், முறிந்துவிடும்.